மொட்டை மாடி அறையில் பெயிண்ட் பூத்: காற்றுக்கு எப்படி வழி செய்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேளச்சேரியில் சொந்த வீடு. மொட்டை மாடியில் 10க்கு 12 அடி, 9 அடி உயரத்தில் ஓர் அறை. அதில் நாற்காலி, அலமாரிக் கதவு, எப்போதாவது பைக் பாகங்கள் என்று ஸ்ப்ரே வேலை நடக்கிறது. பெரும்பாலும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர், சில நேரம் பி.யு. (பாலியூரித்தேன்). சன்னலில் 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியிருக்கிறது. ஆனாலும் வாடை கீழே வீட்டுக்குள் இறங்குகிறது. அடித்த பரப்பைத் தடவினால் சொரசொரக்கிறது. மழைக்காலத்தில் லேக்கர் வெளுத்துப்போகிறது. பெரிய ஃபேன் வாங்கி மாட்டினால் சரியாகிவிடுமா?

ஃபேனை மட்டும் பெரிதாக்கினால் சரியாகாது. முழு அறைக்கும் காற்றோட்டம் செய்யப் பார்க்காதீர்கள். அறைக்குள் சின்னதாக ஒரு பூத் கட்டி, அதன் வாய் வழியாக மட்டும் காற்றை இழுங்கள். காற்று எங்கே நுழைகிறது, எதைக் கடக்கிறது, எங்கே வெளியேறுகிறது என்ற மூன்றையும் முதலில் முடிவு செய்துவிட்டு, கடைசியாக ஃபேனைத் தேர்ந்தெடுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் ஃபேனை முதலில் வாங்கிவிட்டு, அதற்கேற்ற ஓட்டையைச் சுவரில் போடுகிறார்கள்.

கணக்கைப் பார்க்கலாம். ஸ்ப்ரே பூத்துகளுக்கு நீண்ட காலமாகப் புழங்கும் அளவு, காற்று நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் நகர வேண்டும் என்பது. அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதிகளிலும் கையால் ஸ்ப்ரே அடிக்கும் பூத்துக்கு இந்த எண்தான் இருக்கிறது. நொடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தில் மெல்லிய இளங்காற்று படுவது தெரியும், அவ்வளவுதான். காற்று கடக்கும் குறுக்குப் பரப்பைச் சதுர அடியில் எடுத்து 100ஆல் பெருக்கினால், நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வேண்டும் என்பது கிடைக்கும். சி.எஃப்.எம். என்பது அதைத்தான். உங்கள் அறையின் குறுக்குப் பரப்பு 10 பெருக்கல் 9, அதாவது 90 சதுர அடி. அப்படியானால் 9,000 சி.எஃப்.எம். வேண்டும். 12 அங்குல வீட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் எந்தத் தடையும் இல்லாதபோது தருவது சுமார் 1,000. உங்கள் அறையில் காற்று நிமிடத்துக்கு 11 அடிதான் நகர்கிறது. ஸ்ப்ரே கன்னிலிருந்து வரும் துகள்கள் வெளியே போகாமல் அறையிலேயே மிதந்து, பாதி காய்ந்து, நீங்கள் அடித்து முடித்த கதவின் மேலேயே வந்து உட்காருகின்றன. அந்தச் சொரசொரப்பு இதனால்தான் வருகிறது.

இதற்கு மாற்றாக, ஒரு சுவரை ஒட்டி 5 அடி அகலம், 6 அடி உயரம், 4 அடி ஆழத்தில் ஒரு கூண்டு கட்டினால் குறுக்குப் பரப்பு 30 சதுர அடிக்கு வந்துவிடும். தேவை 3,000 சி.எஃப்.எம்.தான். ஓர் அலமாரிக் கதவோ நாற்காலியோ இதில் தாராளமாக அடங்கும். முன்பக்கம் திறந்திருக்கும். நீங்கள் வாசலில் நின்று உள்நோக்கி அடிப்பீர்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து, பொருளைக் கடந்து, பின்சுவரில் இருக்கும் ஃபில்டருக்குள் போகும். எந்த நேரத்திலும் பொருளுக்கும் ஃபில்டருக்கும் நடுவே நீங்கள் நிற்கக் கூடாது. பின்பக்கம் அடிக்க வேண்டுமென்றால் பொருளைச் சுழல்மேசையில் வைத்துத் திருப்புங்கள், நீங்கள் சுற்றிப் போகாதீர்கள்.

கூண்டுக்கு ஜி.ஐ. தகரம் அல்லது சிமென்ட் போர்டு போதும். பாலித்தீன் ஷீட்டையும் பச்சை வலையையும் தொங்கவிட்டு பூத் என்று சொல்கிறவர்கள் நிறைய. இரண்டுமே எரியும், பாலித்தீனில் நிலைமின்சாரமும் சேரும். தெர்மோகோல் பக்கமே போகாதீர்கள்.

இனி வாடைக்கு வருகிறேன், எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். என்.சி. தின்னரில் டொலுயின், அசிட்டோன், அசிட்டேட் வகைகள் எல்லாம் கலந்திருக்கும். டொலுயின் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், அசிட்டோன் ஆவி இரண்டு மடங்கு. காற்று அசையாத இடத்தில் இவை கீழே தேங்கி, தரையோடு நகர்ந்து, பள்ளம் தேடும். மாடி அறைக்குப் பள்ளம் என்றால் படிக்கட்டு. அதன் அடியில் உங்கள் வீடு, சமையலறை அடுப்பு, சாமி விளக்கு எல்லாம் இருக்கின்றன.

ஒரு லிட்டர் டொலுயின் முழுக்க ஆவியானால் சுமார் 230 லிட்டர் ஆவி கிடைக்கும். உங்கள் அறையின் கொள்ளளவு ஏறக்குறைய 30,000 லிட்டர். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு லிட்டர் தின்னரைக் காற்றில் விட்டால் அறைக் காற்றில் முக்கால் சதவீதம் ஆவி என்று ஆகிவிடும். டொலுயின் தீப்பற்றத் தொடங்கும் எல்லை 1.1 சதவீதம். அதில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. முக்கால் சதவீதம் என்பது அறை முழுவதற்குமான சராசரி, தரை ஓரத்தில் இன்னும் கூடுதலாக இருக்கும். உடம்புக்கான வரம்போ வேறு மட்டத்தில் இருக்கிறது. அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனமான நையோஷ், ஒரு வேலை நாளுக்கு டொலுயின் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் கூடாது என்கிறது. முக்கால் சதவீதம் என்றால் பத்து லட்சத்தில் 7,500 பங்கு. தீ விபத்து நடக்காததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பல பட்டறைகளில் நுரையீரலையும் நரம்பையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பூத் சரியாக ஓடும்போது நிலைமை என்ன? பத்து நிமிடத்தில் அரை லிட்டர் தின்னர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், 3,000 சி.எஃப்.எம். காற்றோட்டத்தில் வெளியேறும் காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய 135 பங்கு இருக்கும். தீப்பிடிக்கும் எல்லையிலிருந்து வெகு தூரம் வந்துவிட்டோம். ஆனால் உடம்புக்கான வரம்பை இன்னும் ஒட்டியே நிற்கிறோம். அதனால் இவ்வளவு செய்த பிறகும் முகமூடி வேண்டும். துணி மாஸ்க், என்95 எல்லாம் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான பழுப்புப் பட்டை கார்ட்ரிட்ஜ், அதன் மேல் துகள் வடிகட்டி, இரண்டும் சேர்ந்த அரைமுக ரெஸ்பிரேட்டர் வாங்குங்கள். தாடி இருந்தால் விளிம்பு பதியாது. வேலை முடிந்ததும் கார்ட்ரிட்ஜைக் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு வையுங்கள். வெளியில் கிடந்தால் நம் ஊர் ஈரத்திலேயே அதன் ஆயுள் குறைந்துவிடும்.

ஃபில்டர். பூத்தின் பின்சுவர் முழுக்க, தரையை ஒட்டிய விளிம்பிலிருந்து மேலே வரை, கண்ணாடி இழை பெயிண்ட் ஃபில்டர் இருக்க வேண்டும். கீழே தேங்கும் ஆவியும் அப்போதுதான் இழுபடும். ஃபில்டருக்குப் பின்னால் ஒன்றரை அடி வெற்று இடம் விட்டு, அந்த இடத்திலிருந்துதான் டக்ட், அதாவது காற்றை வெளியே கொண்டுபோகும் குழாய், புறப்பட வேண்டும். நேராக ஃபேன் வாயில் இரண்டடிக்கு இரண்டடி ஃபில்டரை வைத்தால், அதே காற்று நிமிடத்துக்கு 750 அடி வேகத்தில் அதற்குள் நுழைய வேண்டியிருக்கும். சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பூத்தின் நடுவில் மட்டும் காற்று ஓடி, ஓரங்கள் செத்துப்போகும்.

ஃபில்டர் எப்போது அடைத்தது என்று தெரிந்துகொள்ளக் கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் போதும். யு வடிவில் சுவரில் பொருத்தி, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னால் விடுங்கள், மறுமுனை அறையில் திறந்திருக்கட்டும். ஃபேன் ஓடும்போது இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் வித்தியாசம் தெரியும். புது ஃபில்டரில் எவ்வளவு என்று குறித்து வைத்துக்கொண்டு, அதைவிட 10 மில்லிமீட்டர் கூடினால் மாற்றிவிடுங்கள்.

கழற்றிய ஃபில்டரை மூட்டை கட்டி அறை மூலையில் போடவே கூடாது. என்.சி. படிந்த ஃபில்டர் ஒரு பொறியிலேயே குபீரென்று எரியும். எண்ணெய் சார்ந்த பெயிண்டோ வார்னிஷோ படிந்தது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். மூடி உள்ள இரும்பு டின்னில் தண்ணீர் நிரப்பி, அதில் முக்கி, அறைக்கு வெளியே வையுங்கள். இரண்டு வகை வேலைக்கும் ஒரே ஃபில்டரைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

இப்போது ஃபேன். சுவரில் மாட்டும் இறக்கை ஃபேனின் பெட்டியில் போட்டிருக்கும் அளவு, தடையே இல்லாத நிலைக்கானது. மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று இருக்கும், 1.7ஆல் வகுத்தால் சி.எஃப்.எம். வரும். முன்னால் ஃபில்டரும் பின்னால் டக்டும் வந்த பிறகு அது பெருமளவு விழுந்துவிடும். அதோடு அந்த வகை ஃபேனில் ஆவி நேராக மோட்டார் மேலேயே போகிறது. இண்டக்‌ஷன் மோட்டாரில் கார்பன் பிரஷ் கிடையாது, பொறி வராது என்று கடையில் சொல்வார்கள். சாதாரணமாக ஓடும்போது உண்மைதான். ஆனால் பெயிண்ட் படிந்து சூடேறிய வைண்டிங், தளர்ந்த டெர்மினல், கருகிய கெபாசிட்டர் இவற்றில் ஏதாவது ஒன்று ஒருநாள் போதும். பிரஷ் வைத்த ப்ளோயர், வாக்குவம் கிளீனர் மோட்டார் இவற்றைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நீங்கள் வாங்க வேண்டியது சென்ட்ரிஃபியூகல் ப்ளோயர். மோட்டார் கூட்டுக்கு வெளியே இருக்கும், இறக்கைச் சக்கரம் மட்டும் காற்றில் சுழலும். ஃபில்டரும் டக்டும் தரும் தடையைத் தாண்ட 25 மில்லிமீட்டர் நீர் அழுத்தத்தில் 3,000 சி.எஃப்.எம். வேண்டும், சக்கரம் அலுமினியமாக இருக்க வேண்டும், மோட்டார் ஃப்ளேம்ப்ரூஃபாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு ஹெச்.பி. அளவில் வரும், சிங்கிள் ஃபேஸில் ஓடும். அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் டக்டும் ப்ளோயரும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வெறும் சி.எஃப்.எம்.மை மட்டும் சொல்லாமல் அழுத்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், அப்போதுதான் சரியானதைத் தருவார்கள். ப்ளோயரை அறைக்கு வெளியே, மாடியில், மழைபடாத கூரைக்குக் கீழே நிறுத்துங்கள்.

டக்ட் விட்டம் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஏ.சி.க்கும் சமையலறை சிம்னிக்கும் வரும் மடங்கும் குழாய்கள் இந்த அளவுக்கு ஆகாது. 4 அங்குலக் குழாயில் 200 சி.எஃப்.எம். போவதே கஷ்டம். பி.வி.சி. வேண்டாம். ஜி.ஐ. தகரமாக இருக்கட்டும், எல்லா இணைப்புகளும் ஒரே எர்த்தில் சேரட்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலை ஒட்டி இருப்பவர்களுக்குத் தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும், அவர்கள் அலுமினிய டக்டுக்குப் போகலாம்.

வெளியேறும் வாய் எங்கே என்பதை சென்னைக் காற்றை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கோடையில் காலையில் மேற்கிலிருந்து தரைக்காற்று, நண்பகலை ஒட்டிக் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து கடற்காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குக் காற்று. ஆகப் பெரும்பாலான மாதங்களில் வேலை செய்யும் நேரத்தில் காற்று கிழக்குப் பாதியிலிருந்தே வருகிறது. உள்ளே வரும் காற்றுக்கான சன்னலைக் கிழக்கில் வையுங்கள், பூத்தை மேற்குச் சுவரில் கட்டுங்கள். ஆனால் வெளியேறும் குழாயைப் பக்கவாட்டில் நீட்டாதீர்கள். மேற்குக் காற்று அடிக்கும் காலையில் எல்லாம் திரும்பி உள்ளே வரும். அதோடு நம் வீடுகளுக்கு நடுவே விடும் இடம் சில அடிதான், அடுத்த வீட்டுச் சமையலறை சன்னல் அங்கேயே இருக்கும். குழாயை நேராக மேலே ஏற்றுங்கள், படிக்கட்டுக் கூரையையும் தாண்டட்டும், தண்ணீர் டேங்கிலிருந்து தள்ளி இருக்கட்டும்.

குழாயின் உச்சியில் எல்லோரும் கூம்புத் தொப்பி வைப்பார்கள். அது புகையை மறுபடி மாடித் தரைக்கே திருப்பிவிடும். அதற்குப் பதில், குழாயின் வாயைச் சுற்றி ஓர் அங்குல இடைவெளி விட்டு, சற்றுப் பெரிய விட்டத்தில் இரண்டு முனையும் திறந்த ஓர் உறைக்குழாயை நான்கைந்து அடி மேலே ஏறி நிற்கும்படி வையுங்கள். சாய்ந்து விழும் மழை உறையின் சுவரில் பட்டு இடைவெளி வழியாக வெளியே வழிந்துவிடும், காற்று தடையில்லாமல் மேலே போகும். கீழ் வளைவில் ஒரு சின்ன வடிகால் துளை போட்டுக்கொள்ளுங்கள். மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுவதையும் விடாதீர்கள். 2016 டிசம்பர் வர்தா புயலில் மாடித் தகரங்கள் எப்படிப் பறந்தன என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே வரும் காற்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 3,000 கன அடி வெளியே போக வேண்டுமென்றால் 3,000 கன அடி உள்ளே வந்தாக வேண்டும். தூசு வரும் என்று சன்னலைச் சாத்திவிட்டால் ப்ளோயர் சும்மா சுழலும், இல்லையென்றால் படிக்கட்டுக் கதவின் இடுக்கு வழியாக வீட்டுக்குள்ளிருக்கும் காற்றை இழுக்கும். சன்னலில் குறைந்தது 10 சதுர அடித் திறப்பு வேண்டும். அதில் துவைக்கக்கூடிய பஞ்சு ஃபில்டர் பொருத்துங்கள், பரப்பு கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. படிக்கட்டுக் கதவுக்கு ரப்பர் பீடிங் ஒட்டி, கீழ் விளிம்பில் தடுப்பு வையுங்கள். ப்ளோயர் ஓடும்வரை அறையில் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றே குறைவாக இருக்கும். வாடை வீட்டுக்குள் போக வழியே இருக்காது. வாடை இறங்குவது இத்தோடு நிற்கும், ஆனால் அடித்த பொருளை ஹாலில் கொண்டுபோய்க் காயவைத்தால் எல்லாம் வீண். ஸ்ப்ரே முடிந்த பிறகும் பல மணி நேரம் ஆவி வந்துகொண்டிருக்கும். தொட்டால் ஒட்டாத நிலை வந்து, வாடை அடங்கும்வரை பொருள் பூத்திலேயே இருக்கட்டும், ப்ளோயரும் ஓடட்டும்.

எல்லாம் மாட்டிய பிறகு, தின்னர் டின் மாடிக்கு வருவதற்கு முன்னால், ஊதுபத்தியைக் கொளுத்தி பூத்தின் வாயில் நான்கு மூலையிலும் நடுவிலும் பிடித்துப் பாருங்கள். புகை ஐந்து இடத்திலும் நேராக உள்ளே போக வேண்டும். ஒரு மூலையில் சுழன்றால் அங்கே ஃபில்டர் சரியாகப் பதியவில்லை, அல்லது சன்னல் காற்று குறுக்கே அடிக்கிறது. பெயிண்ட் அடிக்கத் தொடங்கிய பிறகு இந்தச் சோதனைக்கு ஊதுபத்தி கூடாது, மெல்லிய நூலைக் கட்டித் தொங்கவிட்டால் போதும்.

விளக்குகளை பூத்துக்கு வெளியே, கண்ணாடிக்குப் பின்னால் வையுங்கள். ஸ்விட்ச், ப்ளக், கம்ப்ரஸர், மொபைல் சார்ஜர் எல்லாம் அறைக்கு வெளியே. கம்ப்ரஸர் காற்றுக் குழாயில் மின்சாரத்தில் திறந்து மூடும் ஒரு சோலனாய்டு வால்வு போட்டு ப்ளோயர் மின் இணைப்போடு சேர்த்துவிட்டால், ப்ளோயர் ஓடாதபோது கன் அடிக்காது. கரண்ட் போனாலும் டேங்கில் மீந்த காற்றை வைத்து அடித்து முடித்துவிடலாம் என்ற ஆசைக்கு இடமே இருக்காது. சாயங்கால வேலைக்கு இன்னொன்று: கொசுவர்த்தியும் கொசு பேட்டும் அந்த அறைக்குள் வரவே கூடாது. பேட்டில் ஒவ்வொரு அடிக்கும் பொறி பறக்கிறது. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், தீயணைக்கும் ஏ.பி.சி. பவுடர் சிலிண்டர் கதவுக்கு வெளியே தொங்கட்டும்.

லேக்கர் வெளுப்பதை ஃபேன் சரிசெய்யாது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படிகிறது, லேக்கர் பால் நிறமாகிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது என்.சி. அடிப்பதைத் தள்ளிப்போடுங்கள், முடியாவிட்டால் மெதுவாக ஆவியாகும் தின்னரான ரிட்டார்டர் கலந்து மெல்லிய கோட்டாக அடியுங்கள். ஈரமானி ஒன்று வாங்கி மாட்டுங்கள், மழைக்காலத்தில் நண்பகலுக்குப் பிறகான சில மணி நேரம்தான் பெரும்பாலும் தோதாக இருக்கும். ஏ.சி. போடலாமா என்று கேட்பவர்களுக்காக: 3,000 சி.எஃப்.எம். வெளிக்காற்றைக் கோடையில் குளிர்விக்கவே பத்து டன்னுக்கு மேல் ஏ.சி. வேண்டும். அதைக் குளிர்வித்து உடனே வெளியே தள்ளிவிடுவோம். குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றை வைத்து அடிக்கும் ஹெச்.வி.எல்.பி. கன் வாங்குவது அதைவிட நூறு மடங்கு பயனுள்ள செலவு. பழைய கன்னில் பெயிண்டில் பாதிக்கு மேல் காற்றில் போய்விடும், இதில் பெரும்பகுதி பொருள் மேலேயே விழும். ஃபில்டரும் நீண்ட நாள் வரும்.

ஏற்கெனவே வாங்கிய 12 அங்குல ஃபேனைத் தூக்கிப் போட வேண்டாம். கம்ப்ரஸரை வைக்கும் கொட்டகையில் மாட்டுங்கள், கோடையில் அது சூடாகி ட்ரிப் ஆவது குறையும்.

கடைசியாக, ஹார்ட்னர் (கெட்டிப்படுத்தும் திரவம்) கலக்கும் பி.யு.வும், பைக்குக்கு அடிக்கும், அதேபோல இரண்டு பாகமாகக் கலக்கும் 2கே க்ளியர் கோட்டும். இவற்றின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் மூச்சு இழுக்கும். வாசனையை வைத்து எச்சரிக்கை ஆவதும் நடக்காது, வாசனை தெரியும் அளவே பாதுகாப்பு வரம்பைத் தாண்டியது. கார்ட்ரிட்ஜ் எப்போது தீர்ந்தது என்றும் மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. இதற்குத் தனிக் குழாயில் சுத்தமான காற்று தரும் முகமூடி வேண்டும், கண்ணும் தோலும் மூடியிருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாதவரை மர வேலைக்குத் தண்ணீரில் கரையும், ஹார்ட்னர் சேர்க்காத பி.யு.வுக்கு மாறிக்கொள்ளுங்கள். பைக் டேங்கைத் தேய்த்து, ப்ரைமர் வரை நீங்களே முடித்து, க்ளியர் கோட்டுக்கு மட்டும் முறையான பூத்தும் காற்றுக் குழாய் முகமூடியும் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். ப்ரைமரையும் ஹார்ட்னர் கலக்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள்.